‘டாக்டர் ஷிவாகோ’வும் அயல்நாட்டு வாசகரும்

வல்லாட்சி நிலவும் நாட்டில் பிறந்த ஒரு நூல் எல்லை கடந்து மக்களாட்சி நாடுகளை அடையும்பொழுது அதற்கு நேர்வது யாது? இவ்வினாவை அரசியல் நூலாரும் வரலாற்றாசிரியரும் தத்தம் நெறியில் ஆராய்ந்துள்ளனர். வணிகம் நின்றதா, தூதர் திரும்ப அழைக்கப்பட்டனரா, கண்டன உரை வெளிவந்ததா என்பன அவர்தம் அளவுகோல்கள். திறனாய்வாளர்க்கு வேறோர் அளவுகோல் உண்டு. அந்நூலை அந்நாடுகள் படித்தனவா, படித்திருப்பின் எவ்வாறு படித்தன என்று கேட்பது நம் தொழிலுக்கு உரியது. ஒரு நூல் படிக்கப்படும் முறையிலிருந்தே அதனை எழுதியவர் நடத்தப்படும் முறையையும் ஓரளவு உய்த்துணரலாம் என்பது எம் துணிபு. போரிஸ் பாஸ்டர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’ என்னும் நாவலுக்கு 1956 முதல் 1960 வரை நேர்ந்தவற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு, பிற்கால நிகழ்ச்சிகள் சிலவற்றை அதனோடு ஒப்பிட்டு, இத்துணிபை ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அரசின் கொள்கைக்கு வேறாக எண்ணி, அவ்வெண்ணத்தை மறையாது வெளியிட்டு, அதனால் துன்புறும் ஒருவரைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘டிசிடென்ட்’ என்பது ‘விலகி அமர்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. உருசிய மொழியார் வழங்கும் சொல்லுக்கு ‘வேறாக எண்ணுபவர்’ என்பது நேர்ப்பொருள். நம் பழஞ்சொற்களை நோக்கினால் ஒரு வியப்பு உண்டாகின்றது. ஒன்னார், ஒட்டார், நள்ளார், மாற்றார் என்பன எல்லாம் சேராதவர், வேறானவர் என்னும் அடிப்பொருளில் தோன்றிப் பகைவர் என்னும் பொருளில் நிலைத்தவை. சேராமையே பகைமை என்று கொண்ட போர்க்காலச் சமுதாயத்தின் சுவடு இச்சொற்களில் படிந்துள்ளது போலும். இருபதாம் நூற்றாண்டின் மாஸ்கோ நீதிமன்றமும் ஏறக்குறைய இவ்வகராதியையே கையாண்டது. ஆதலின் அச்சொற்களை விடுத்துப் ‘பிறிதெண்ணுவோர்’ என்று இக்கட்டுரையில் வழங்குகின்றோம். செக் நாட்டு நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல், 1978இல் எழுதிய ‘வலிமையற்றோரின் வலிமை’ என்னும் கட்டுரையில், ‘டிசிடென்ட்’ என்பது மேலை நாட்டுச் செய்தியாளர் தம்மனையோர்க்குச் சூட்டிய பெயர் என்றும், அஃது ஏதோ ஒரு தொழிலின் பெயர்போல் ஒலிக்கின்றது என்றும் குறைப்பட்டுக்கொண்டார். அக்குறைபாடு பற்றிப் பின்னரும் நினைக்க இடம் உண்டு.

இனி நாவலின் வரலாற்றைக் காண்போம். பாஸ்டர்நாக் முதன்மையாகக் கவிஞர்; ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் கதேயின் ‘பௌஸ்ட்’டையும் உருசிய மொழியில் பெயர்த்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் தொடங்கிய இந்நாவலை 1955இன் இறுதியில் முடித்தார். அடுத்த ஆண்டு ‘நோவி மிர்’ என்னும் இலக்கிய இதழுக்கு அதனை அளித்தார். 1956 மே மாதத்தில், அந்நாளில் மாஸ்கோவில் பணியாற்றிவந்த இத்தாலியர் செர்ஜியோ டாஞ்ஜெலோ, கவிஞர் வாழ்ந்த பெரெடெல்கினோ என்னும் சிற்றூருக்கு வந்து, மிலான் நகரப் பதிப்பாளர் பெல்ட்ரினெல்லிக்காகத் தட்டச்சுப் படி ஒன்றைப் பெற்றுச் சென்றார். பெல்ட்ரினெல்லி இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினர் என்பது மனத்திற் கொள்ளத்தக்கது. சோவியத்து எழுத்தாளர் சங்கத்தின் தலைவருள் ஒருவராகிய அலெக்சி சுர்கோவ் 1957 அக்டோபரில் மிலானுக்கே சென்று படியைத் திரும்பக் கேட்டும் அவர் இணங்கவில்லை. நவம்பரில் இத்தாலிய மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஆக, இந்நூலை உலகிற்கு முதன்முதல் வழங்கியவர் தம் கட்சியின் கட்டளையை மீறிய ஒரு தனிப் பதிப்பாளரே. எந்த அரசுக்கும் அப்பெருமை உரித்தன்று.

‘நோவி மிர்’ இதழின் ஆசிரியர் குழுவினர் ஐவர், 1956 செப்டம்பரில், நாவலை ஏற்க மறுத்து நெடிய மடல் ஒன்று விடுத்தனர். கான்ஸ்டன்டின் சிமனோவ், கான்ஸ்டன்டின் பெடின் ஆகிய புகழ்வாய்ந்த எழுத்தாளரும் அவ்வைவருள் அடங்குவர். ஈராண்டு கழித்து, 1958 அக்டோபர் 25இல், ‘லிதரத்தூர்னாயா கஸேத்தா’ அம்மடலை அச்சிட்டது. இன்று அதனைப் படிப்போர் ஒன்றைக் கண்டு வியப்பர். மறுத்தவர்கள் நூலை முழுவதும் படித்திருக்கின்றனர்! ஷிவாகோவின் செயல்களைப் படிப்படியாக எடுத்து வைத்து, அவன் தன்னலத்தையும் தனிமனிதப் பற்றையும் எடைபோட்டு, புரட்சி மக்களுக்குத் துன்பமே தந்தது என்னும் நோக்கு நூல் முழுவதும் ஊடுருவி நிற்கின்றது என்று வாதிடுகின்றனர். சிற்சில பகுதிகளை வெட்டுவதனாலோ திருத்துவதனாலோ அந்நோக்கை நீக்கவியலாது என்பது அவர் முடிபு. நூலின் உள்ளுணர்வு அதன் உறுப்பு ஒவ்வொன்றிலும் கலந்திருக்கின்றது, ஆகவே அறுத்தெடுக்க முடியாது என்று கூறுதல், திறனாய்வு நோக்கில், ஒரு படைப்புக்குச் சொல்லத்தக்க உயர்ந்த பாராட்டுக்களுள் ஒன்றாகும். மறுத்தவர்கள் தம்மையறியாமல் அதனைச் சொல்லிவிட்டனர். அவர் செய்த பிழை வேறிடத்தில் உள்ளது. கதைமாந்தன் எண்ணுவதனை ஆசிரியன் அளித்த வாக்குமூலமாகக் கொண்டனர். ஷிவாகோவின் தளர்ச்சியைப் பாஸ்டர்நாக்கின் குற்றமாக எழுதினர்.

நாவலின் பதினோராம் பகுதியில் வரும் ஒரு காட்சி இப்பிழையை நன்கு விளக்கும். சைபீரியக் காட்டில் செம்படைச் சார்பான கரந்துறை வீரர்கள் ஷிவாகோவைப் பிடித்து வந்து, தம் மருத்துவனாக வைத்திருக்கின்றனர். வெண்படையைச் சேர்ந்த இளைஞர்கள் தாக்க வருகின்றனர். அவர்கள் முகமும் நடையும் தன் இனத்தாருடையவைபோல் மருத்துவனுக்குத் தோன்றுகின்றன. பக்கத்தில் இருந்த தொலைபேசியாளன் குண்டடிபட்டு இறக்க, அவன் துப்பாக்கியை எடுத்துச் சுடத் தொடங்குகின்றான். எவரையும் கொல்ல மனமின்றி எதிரே நின்ற பட்ட மரம் ஒன்றைக் குறிவைக்கின்றான். எனினும் மரத்திற்கும் அவனுக்கும் இடையே ஓடியவர் சிலர் குண்டடிபடுகின்றனர். போர் ஓய்ந்தபின் தொலைபேசியாளன் கழுத்துத் தாயத்தில் ஒரு தாளைக் காண்கின்றான். காப்பு மந்திரம்போல் அணிந்திருந்த அத்தாளில் விவிலியத் திருப்பாடல் ஒன்று, படியெடுத்தோர் பலரால் திரிந்து சிதைந்து எழுதப்பட்டுள்ளது. வெண்படை இளைஞன் ஒருவன் கழுத்திலும் பொற்சிமிழ் ஒன்று இருக்கின்றது. அதனுள்ளும் அதே பாடல், ஆனால் பிழையின்றி அச்சிடப்பட்டிருக்கின்றது. குண்டு சிமிழில் பட்டுத் தெறித்தமையால் அவ்விளைஞன் உயிரோடு இருக்கின்றான். மருத்துவன் இறந்தவன் உடையை அவனுக்கு அணிவித்து மறைத்துக் காப்பாற்றி அனுப்புகின்றான். குணமடைந்ததும் மீண்டும் செம்படையை எதிர்த்துப் போரிடுவேன் என்று அவன் கூறுவதைக் கேட்டும் அனுப்பிவிடுகின்றான்.

ஏடு பெயர்த்தெழுதுவோரால் பாடம் திரிதலை நன்கறிந்த நமக்கு இக்காட்சியின் நயம் எளிதிற் புலனாகும். ஒரு மூலத்தின் இரு பாடங்கள் இரு படைகளின் கழுத்தில் தொங்குகின்றன. எளியவன் கழுத்தில் சிதைந்த பாடமும், செல்வன் கழுத்தில் திருத்தமான பாடமும் உள்ளன. உயிர் காத்தது பாடத்தின் தூய்மையா, பொன்னின் தடிப்பா என்று ஆசிரியர் கூறவில்லை. நடுநிற்க விரும்பியவன் குண்டும் மனிதனைத் துளைத்தது என்பதனையும் அவர் மறைக்கவில்லை. இக்காட்சியைச் செம்படைக்கு எதிரான பரப்புரை என்பார் காட்சியின் பாதியை விட்டுவிடுகின்றனர். வெண்படைக்கு ஆதரவான பரப்புரையாகப் பயன்படுத்த விரும்புவாரும் அப்பாதியையே விட்டாக வேண்டும்.

விரும்பியவர் இருந்தனர். அமெரிக்க நடுவண் உளவுத்துறையின் ஆவணங்கள் 2014 ஏப்ரலில் வெளியிடப்பட்டபின் இதில் ஐயத்திற்கு இடமில்லை. 1958 சனவரியில் பிரித்தானிய உளவுத்துறை நாவலின் பக்கங்களைப் படமெடுத்த இரு சுருள்களை வாஷிங்டனுக்கு அளித்தது. அந்நூலுக்குப் பெரும் பரப்புரை மதிப்பு உண்டு என்றும், உள்ளடக்கத்தால் மட்டுமேயன்றி அது வெளிவந்த சூழ்நிலையாலும் அம்மதிப்பு மிகுகின்றது என்றும், தலைசிறந்த எழுத்தாளர் ஒருவரின் நூலைத் தம் நாட்டில் தம் மொழியில் படிக்க முடியாத நிலையைச் சோவியத்து மக்கள் எண்ணிப் பார்க்குமாறு செய்யலாம் என்றும் அத்துறையின் உட்குறிப்பு கூறுகின்றது. ஹேக் நகரில் மூத்தோன் அச்சகத்தார் வழியாக உருசிய மூலத்தில் ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சாயின. அவற்றுள் ஒரு பகுதி 1958 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் உலகப் பொருட்காட்சிக்குச் சென்றது. அங்கு வத்திக்கான் மண்டபத்தில் சோவியத்துப் பயணிகளுக்கு மறைவாக அவை வழங்கப்பட்டன. பெற்றவர்கள் நீலத்துணி அட்டையைக் கிழித்தெறிந்து, தாள்களைப் பிரித்துச் சட்டைப்பைகளில் ஒளித்துச் சென்றனர். அடுத்த ஆண்டு வியன்னாவில் நிகழ்ந்த உலக இளைஞர் விழாவிற்காக மெல்லிய தாளில் சிற்றளவுப் பதிப்பு ஒன்றும், பாரிசில் இல்லாத ஒரு பதிப்பகத்தின் பெயரால், அச்சிடப்பட்டது.

இச்செயலை நாம் முற்றும் பழிக்க முன்வரவில்லை. தம் மொழியில் எழுதப்பட்ட நூலைத் தம் மொழியிலேயே படிக்கும் பேறு சில நூறு உருசியருக்கு இதனால்தான் வாய்த்தது. தாள்களைக் கிழித்து மறைத்துச் சென்ற அப்பயணிகள் உண்மையான வாசகர். அவரைப் பற்றி உட்குறிப்புக்கள் மிகுதியும் பேசவில்லை. ஆயினும் உளவுத்துறை அச்சிட்ட மூலத்தில் பிழைகள் மலிந்திருந்தன. ஆசிரியர் இறுதியாகப் பார்த்துத் திருத்திய பாடம் அதுவன்று. தம் நூல் இவ்வாறு வெளிவந்தமை குறித்துப் பாஸ்டர்நாக் வருந்தினார். நூலை ஆயுதமாகக் கொள்வார்க்குப் பாடத்திருத்தம் ஒரு பொருட்டாவதில்லை. எந்தப் பாடமாயினும் வெடிக்கும் என்பது அவர் எண்ணம்.

நோபல் பரிசைப் பற்றி ஒரு தவறான கருத்து நெடுநாள் வழங்கியது. நாவலின் அரசியல் சிறப்புக்காகவே அது வழங்கப்பட்டது என்பது அக்கருத்து. பாஸ்டர்நாக்கின் பெயர் 1946 முதலே, நாவல் எழுதப்படுமுன்னரே, கவிதைக்காகப் பரிந்துரைக்கப்பட்டு வந்தது. 1958 அக்டோபர் 23இல் வெளியான ஸ்வீடிஷ் அக்காதெமியின் சான்றுரையும் சமகால உணர்ச்சிப் பாடலிலும் உருசியப் பெருங்கதை மரபிலும் அவர் ஆற்றிய பணியைக் குறித்ததேயன்றி நாவலின் பெயரைச் சுட்டவில்லை. ஆனால் இரு தரப்பாரும் சான்றுரையைப் படிக்கவில்லை. மாஸ்கோவில் அது பகைவரின் கூலி எனப்பட்டது. மேலை நாட்டு இதழ்களில் விடுதலையின் வெற்றி எனப்பட்டது. 27ஆம் நாள் எழுத்தாளர் சங்கம் அவரை வெளியேற்றியது. 29ஆம் நாள், தாம் வாழும் சமுதாயத்தில் அப்பரிசுக்கு ஏற்றப்பட்ட பொருளை எண்ணி அதனை மறுப்பதாக அவர் தந்தி அனுப்பினார். நாட்டைவிட்டு வெளியேற்றக் குரல்கள் எழுந்தபொழுது, உருசியாவைப் பிரிதல் தமக்குச் சாதலோடு ஒக்கும் என்று குருஷ்சேவுக்கு எழுதினார். இம்மடலை அச்சத்தின் வெளிப்பாடு என்று மட்டும் கொண்டோர் பலர். அச்சம் இல்லை என்று நாம் கூறோம். ஆயினும் அந்நாவலின் இறுதியில் உள்ள இருபத்தைந்து பாடல்களைப் படித்தவர்க்கு அம்மடல் மெய்யுரையாகவே தோன்றும். தம் பக்கம் வந்துவிட்டார் என்று மக்களாட்சி நாடுகள் கொண்டாடிய அக்கவிஞர் எப்பக்கமும் வரவில்லை. தம் மண்ணிலேயே இருந்தார்.

அந்நாளில் அரசுத் தலைவருள் சொல்லத்தக்கதைச் சொன்னவர் நம் பிரதமர் நேரு என்பது குறிப்பிடற்பாலது. புகழ்வாய்ந்த எழுத்தாளர் ஒருவர் ஆளுங்கருத்துக்கு மாறானதை உரைப்பினும் அவர் மதிக்கப்பெறல் வேண்டும் என்று 1958 நவம்பரில் அவர் கூறினார். சோவியத்து நட்பைப் பேணிக்கொண்டே கூறப்பட்டமையால் அச்சொல் மாஸ்கோவில் கேட்கப்படும் சொல்லாயிற்று. மேலை நாடுகளில் எழுந்த பேரொலிக்கு அத்தகைய செவி அங்கு இல்லை.

அவ்வொலி அடங்கியபின் நேர்ந்தது மிகவும் வருந்தத்தக்கது. பாஸ்டர்நாக் 1960 மே 30இல் காலமானார். ஆகஸ்டில் அவர் அன்புக்குரிய ஓல்கா இவின்ஸ்காயா கைது செய்யப்பட்டார். அயல்நாட்டுப் பதிப்புக்களின் ஊதியத்தை அன்பர் சிலர் மறைவாகப் பணமாகக் கொண்டுவந்து சேர்ப்பித்ததே அவர்மேல் சாட்டப்பட்ட குற்றத்திற்குச் சான்றாயிற்று. அவருக்கு எட்டாண்டும் அவர் மகள் இரினாவுக்கு மூன்றாண்டும் தண்டனை விதிக்கப்பட்டன. கவிஞரோடு கொண்ட தொடர்பு காரணமாக ஸ்டாலின் காலத்திலேயே 1949இல் சிறைப்பட்டு, 1953 வரை முகாமில் இருந்து மீண்டவர் அவர். அமெரிக்காவில் ‘லோலிடா’வை வென்று விற்பனைப் பட்டியலின் தலையில் நின்ற அந்நாவலின் விலையை இப்பெண்கள் இருவரும் கொடுத்தனர். உதவ நினைத்த கைகளே தளையைக் கொண்டுவந்தன என்னும் இவ்வுண்மையை மேலைநாட்டு வரலாறுகளுள் சில விரைந்து கடந்துவிடுகின்றன.

நன்கு படித்தவர் அங்கும் இல்லாமல் இல்லை. எட்மண்ட் வில்சன் 1958 நவம்பரில் ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதிய நெடுங்கட்டுரை, உருசிய மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பை ஒப்பிட்டு அதன் குறைகளைச் சுட்டுகின்றது. பின்னர் அவர் காணாத இடங்களிலெல்லாம் குறியீடு கண்டார் என்பது வேறு செய்தி. ஐசக் டாய்ச்சர் நாவலைக் கடுமையாகத் தாக்கினார். ஒரு காலத்து நிகழ்ச்சிகளை மற்றொரு காலத்தில் வைத்துப் புரட்சியின் நாட்காட்டியையே ஆசிரியர் குழப்பிவிட்டார் என்பது அவர் வாதம். அவ்வாதம் முழுவதும் நமக்கு உடன்பாடன்று. எனினும் பக்கங்களைப் புரட்டி, ஆண்டுகளைக் கணக்கிட்டு எழுதப்பட்ட அம்மறுப்பு, புரட்டாமல் பொழியப்பட்ட புகழுரைகளினும் ஆசிரியருக்குச் செய்த மரியாதையில் உயர்ந்தது என்பது எம் கருத்து.

‘நோவி மிர்’ மடலில் கண்ட பிழை பத்தாண்டுக்குள் சட்டத்தின் வடிவம் பெற்றது. ஆந்திரேய் சினியாவ்ஸ்கி, யூலி டானியெல் ஆகிய இருவரும் புனைபெயர்களில் தம் கதைகளை மேலை நாடுகளில் வெளியிட்டதற்காக 1965 செப்டம்பரில் கைது செய்யப்பட்டனர். 1966 பிப்ரவரி 10 முதல் 14 வரை வழக்கு நடந்தது. சினியாவ்ஸ்கிக்கு ஏழாண்டும் டானியெலுக்கு ஐந்தாண்டும் கடுங்காவல் கிடைத்தன. அவ்வழக்கின் பதிவுகளைப் படிப்போர் திறனாய்வுக் கருத்தரங்கு ஒன்றில் புகுந்துவிட்டதுபோல் மயங்குவர். கதைமாந்தர் கூற்று ஆசிரியர் கூற்றாகுமா, எள்ளல் என்பது யாது, மிகைப்படுத்தல் பொய்யாகுமா என்னும் வினாக்களே அங்கு வாதிடப்பட்டன. குற்றவாளிக் கூண்டில் நின்ற சினியாவ்ஸ்கி இலக்கிய ஆராய்ச்சியாளர். பாஸ்டர்நாக்கின் கவிதைத் தொகுதி ஒன்றுக்கு முன்னுரை எழுதியவர். சொல் உருவகமாகவும் நிற்கும் என்பதனை நீதிபதிக்கு எடுத்துரைக்க அவர் முயன்றார். கூற்றும் கூறுவோரும் பற்றி நம் இலக்கண நூலார் வகுத்த தெளிவு அந்நீதிமன்றத்தில் இருந்திருப்பின் குற்றச்சாட்டின் பெரும்பகுதி நில்லாது போயிருக்கும். பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியின் கவிஞர் லூயி அரகோன் தம் கட்சி நாளேட்டிலேயே தீர்ப்பைக் கண்டித்தார். பகைவரின் கண்டனத்தைவிட அவ்வுட்குரல் மாஸ்கோவுக்கு உறுத்தலாயிற்று.

இவ்விடத்துக் கோவூர்கிழார் நினைவுக்கு வருகின்றார். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபொழுது, கோவூர்கிழார் பாடி அவனை விடுவித்ததாகப் புறநானூற்றுக் குறிப்பு கூறும். அப்பாடலில் அச்சுறுத்தல் இல்லை, பேரமும் இல்லை. நாடு நாடாகச் சென்று பரிசில் பெற்று, பெற்றதைச் சுற்றத்தோடு உண்டு வாழும் புலவன் வாழ்க்கை எத்தகையது என்பதனை மட்டும் எடுத்துரைத்து, அது பிறர்க்குத் தீங்கு எண்ணாதது என்று அரசனை உணரச் செய்கின்றார். புலவனை ஒற்றனாகப் படித்த அரசனுக்குப் புலவனைப் புலவனாகப் படிக்கக் கற்பித்த பாடல் என்று அதனைக் கூறலாம். பிரஸ்ஸல்ஸ் மண்டபத்தில் நூலை மறைத்து வழங்கியோர் செய்தது இதற்கு நேர்மாறானது. மாஸ்கோ அரசு ஐயுற்றதை உண்மையாக்கும் வழியில் அவர் சென்றனர்.

மக்களாட்சி அரசுகள் ஒலியெழுப்பாமல் ஒதுங்கிய நிகழ்ச்சிகளும் உண்டு. 1970ஆம் ஆண்டு நோபல் பரிசு அலெக்சாந்தர் சோல்செனிட்சினுக்கு அறிவிக்கப்பட்டது. வெளியே சென்றால் திரும்ப விடமாட்டார்கள் என்று அஞ்சி அவர் ஸ்டாக்ஹோம் செல்லவில்லை. மாஸ்கோவிலுள்ள ஸ்வீடிஷ் தூதரகத்தில் விழாவாக அதனை அளித்தல் கூடும். சோவியத்து உறவு கெடுமே என்று அஞ்சிய ஸ்வீடிஷ் அரசு, ஆரவாரமின்றித் தனியறையில் தருவதற்கே இசைந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கொடுப்பதற்கு அது திருட்டுப் பொருளா என்று அவர் கேட்டார். 1974 பிப்ரவரியில் நாடுகடத்தப்பட்டு மேற்கு ஜெர்மனியில் இறங்கியபொழுது அவருக்கு முதலில் இடம் அளித்தவர் எழுத்தாளர் ஹைன்ரிக் பொல். 1975 ஜூலையில் அவர் வாஷிங்டனில் இருந்தும், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் போர்டு அவரைக் காணவில்லை. ஹெல்சிங்கி மாநாடு விரைவில் கூடவிருந்தது. பிரெஷ்னேவை வருத்த அவர் விரும்பவில்லை. அணுப்படை ஏந்திய இரு நாடுகளின் உறவை ஓர் எழுத்தாளரின் பொருட்டு இடர்ப்படுத்தலாமா என்று கேட்பார்க்கு விடை எளிதன்று. அதனை நாமும் எளிதாக்க விரும்பவில்லை.

ஆனால் 1978 ஜூன் 8இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சோல்செனிட்சின் ஆற்றிய உரைக்குக் கிடைத்த எதிரொலி வேறு வகையது. மேலை நாடுகளில் துணிவு குன்றிவிட்டது, சட்டத்தின் எழுத்தைப் பற்றிக்கொண்டு அறத்தை மறந்துவிட்டனர், இதழ்கள் பொறுப்பின்றி நடக்கின்றன என்று அவர் இடித்துரைத்தார். அதுகாறும் அவரைப் போற்றிய நாளேடுகள் பல முகம் சுளித்தன. அவர் மாறிவிட்டார் என்றனர் சிலர். 1974இல் அச்சாகிய ‘சோவியத்துத் தலைவர்களுக்கு மடல்’ என்னும் நூலில் இக்கருத்துக்களின் வித்து முழுவதும் இருந்தது. படித்திருந்தால் எவரும் திடுக்கிட்டிருக்க வேண்டியதில்லை. கேட்கக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் வேந்தனை இறைமாட்சி அதிகாரத்துள் வள்ளுவர் போற்றுகின்றார். பொறுத்தல் என்பது உடன்படுதல் அன்று. அவ்வுரையில் நாம் உடன்படாத பகுதிகள் பல. ஆயினும் தம் பகைவரைக் குறித்துச் சான்று கூறும்வரை ஒருவரைப் பெரியாராகவும், தம்மைக் குறித்துக் கூறியவுடன் பழமைவாதியாகவும் காண்பது, அவரைச் சாட்சியாக மட்டும் நடத்தியமையின் விளைவேயாகும். ஹாவெல் அஞ்சிய தொழிற்பெயர் இவ்வாறுதான் செயற்படுகின்றது.

சோல்செனிட்சினைக் காணாமைக்குக் காரணமாயிருந்த ஹெல்சிங்கி மாநாட்டிலேயே எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. 1975 ஆகஸ்டு 1இல் முப்பத்தைந்து நாடுகள் கையொப்பமிட்ட இறுதி ஆவணம், கிழக்கு ஐரோப்பாவைச் சோவியத்துக்கு விட்டுக்கொடுத்த ஓலை என்று மேலை நாட்டார் பலரால் இகழப்பட்டது. சோவியத்து நாளேடுகள் அதனைத் தம் வெற்றியெனக் கருதி முழுவதும் அச்சிட்டன. மனித உரிமை பற்றிய தொடர்களும் அதனுள் இருந்தன. அவற்றை எழுத்துக்கு எழுத்து மெய்யாக எடுத்துக்கொண்டவர் பிறிதெண்ணுவோரே. 1976 மே மாதத்தில் இயற்பியலறிஞர் யூரி ஓர்லோவ் முதலியோர் மாஸ்கோவில் ஹெல்சிங்கிக் குழுவை நிறுவினர். செக்கோசுலோவாக்கியாவில் ‘சாசனம் 77’ எழுதியோரும் அவ்வாறே, தம் அரசின் சட்டத் தொகுதியில் 1976இல் 120ஆம் எண்ணோடு வெளியான உலக உடன்படிக்கைகளைச் சான்றாகக் காட்டினர். அரசு தன் எழுத்தைத் தானே படிக்கவில்லை, இவர்கள் படித்தனர்.

அச்சாசனத்தின் முதற் பேச்சாளருள் ஒருவர் மெய்யியலறிஞர் யான் பாட்டோச்கா. 1977 மார்ச்சு 1இல், பிராகு நகருக்கு வந்திருந்த நெதர்லாந்து அயலுறவு அமைச்சர் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் அவரைச் சந்தித்து அவர் கூறியதைக் கேட்டார். அமைச்சர் செய்தது அவ்வளவே. செக் நாட்டுத் தலைவர் ஹுசாக் அவரைக் காண மறுத்தார். முதியவராகிய பாட்டோச்காவைக் காவலர் பலமணி நேரம் வினவினர். மார்ச்சு 13இல் அவர் மூளைக் குருதிப்பெருக்கால் இறந்தார். கேட்டதே தீங்காயிற்று என்று கூறுவார் இருக்கலாம். அவ்வாறு கொள்ள நாம் தயங்குகின்றோம். சந்திக்க விரும்பியவர் பாட்டோச்கா. தம் அரசு ஒப்பிய உடன்படிக்கையின் பெயரால் அதன் இடர் அறிந்தே சென்றவர் அவர். இவின்ஸ்காயாவுக்கு அத்தகைய தேர்வு அளிக்கப்படவில்லை. இரு நிகழ்ச்சிகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஹாவெல் தம் கட்டுரையைப் பாட்டோச்காவின் நினைவுக்கு உரிமையாக்கினார்.

சீன நாட்டுத் திறனாய்வாளர் லியூ சியாவோபோ, ‘சாசனம் 77’ஐ மாதிரியாகக் கொண்ட ‘சாசனம் 08’ஐ உருவாக்கியவருள் ஒருவர். 2009 டிசம்பரில் அவருக்குப் பதினோராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2010இல் அமைதிக்கான நோபல் பரிசு ஓஸ்லோவில் வெற்று நாற்காலி ஒன்றின்மேல் வைக்கப்பட்டது. சீனம் நார்வேயுடன் உறவை முடக்கியது. 2016 டிசம்பரில் நார்வே அரசு, சீனத்தின் அடிப்படை நலன்களுக்கு மாறான செயல்களை ஆதரிக்கமாட்டோம் என்று கூட்டறிக்கையில் ஒப்பி உறவை மீட்டது. லியூ அப்பொழுதும் சிறையில் இருந்தார். 2017 ஜூலை 13இல் ஷென்யாங் நகர மருத்துவமனையில், காவலிலேயே காலமானார். அவர் இலக்கியத் திறனாய்வில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதும், கவிதைகள் எழுதியவர் என்பதும் நாற்காலியை அறிந்தோர் பலர் அறியாதவை.

மீண்டும் ‘டாக்டர் ஷிவாகோ’வுக்கு வருவோம். அது ‘நோவி மிர்’ இதழிலேயே 1988இல் வெளிவந்தது. 1989 டிசம்பரில் ஆசிரியரின் மகன் ஸ்டாக்ஹோமில் பரிசுப் பதக்கத்தைப் பெற்றார். ஆனால் நூலைப் பற்றிய பாடச் சிக்கல் நமக்கு எஞ்சியுள்ளது. மாக்ஸ் ஹேவர்டும் மான்யா ஹராரியும் 1958இல் விரைந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பே நெடுங்காலம் உலகெங்கும் வழங்கிவந்தது. பரபரப்பு அடங்குமுன் நூலைக் கொண்டுவர வேண்டும் என்னும் விரைவில் பல தொடர்கள் சுருங்கின, சில விடுபட்டன. 2010இல் பெவியர், வொலகான்ஸ்கி இருவரும் புதிய மொழிபெயர்ப்பு ஒன்று வெளியிட்டனர். மேலே காட்டிய தாயத்துக் காட்சியில், திரிந்த பாடத்தின் திரிபுகளை இவ்விரு மொழிபெயர்ப்பாளரும் எவ்வாறு கையாண்டுள்ளனர் என்பதனை உருசிய மூலத்தோடு வைத்து ஒப்பிடுதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆராய்ச்சியாகும். இருபத்தைந்து பாடல்களையும் நாவலின் பகுதிகளோடு இயைத்துக் காணும் ஆய்வொன்றும் தமிழில் வருதல் வேண்டும்.